கூட்டுனா கத்தும் தம்பி

மேடையில் நின்று வாசிக்கிறவனுக்கும் கீழே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் ஒரே பாட்டு கேட்காது. இதைச் சொன்னா எங்க ஹாஸ்டல் பசங்க நம்ப மாட்டேங்கறாங்க. "இவ்ளோ பெரிய பாக்ஸ் அடுக்கி வச்சிருக்கு, உனக்குக் கேக்கலையாடா?" சத்தம் கேட்கும். சட்டை பட்டன் அதிர்ற அளவுக்குக் கேட்கும். நான் வாசிக்கிற கிட்டார்தான் கேட்காது.

என்னைப் பற்றி இரண்டு வரி. இ.சி.இ. ஃபைனல் இயர். சொந்த ஊர் சேத்தூர். ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் பஸ் ஏறினால் சீக்கிரமே வந்துவிடும். மேற்கே பார்த்தா மலை. செகண்ட் இயரில் இருந்து ஒரு இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி, இதுதான் எங்க சீசன். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தளவாய்புரம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று கோயில் பொங்கலும் பூக்குழியும் எங்கே நடக்குதோ அங்கே வேன் போகும். ப்ளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், அதனால எழுத்துல அங்கங்க ஸ்பெல்லிங் இடிக்கும். எடிட்டர் பார்த்துக்குவான்.

இந்த மூணு வருஷத்தில் கிட்டார் எவ்வளவு கத்துக்கிட்டேனோ அதே அளவுக்கு, கேட்காத மேடையில் எப்படி வாசிக்கிறது என்பதையும் கத்துக்க வேண்டி இருந்தது. இரண்டாவதை எந்த யூடியூப் சானலும் உருப்படியா சொல்லித் தரலை. அவங்க காட்டுற மேடையில் ஆளுக்கொரு மானிட்டர், அதுக்குன்னு தனியா ஒரு என்ஜினியர், மத்தியானம் முழுக்க சவுண்ட் செக். நம்ம மேடையில் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் பலகை அடிச்சு முடிப்பாங்க. அதுக்கப்புறம் தலைவர் பேச்சு, பொன்னாடை, நன்கொடையாளர் பட்டியல். எங்க கையில் மைக் வர்றப்போ மணி ஏழரை. ராத்திரி பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தணும் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. திருவிழாவுக்கு அனுமதி வாங்கினால் பன்னிரண்டு வரை நீட்டிக்கலாம். அந்த அனுமதி வந்ததா இல்லையா என்பது கடைசி நிமிஷம் வரை எங்களுக்குத் தெரியாது. இதில் சவுண்ட் செக் எங்கே பண்றது? முதல் சாமி பாட்டுதான் சவுண்ட் செக்.

சரி, ஏன் கேட்க மாட்டேங்குது? இதுக்கு நம்ம சிலபஸிலேயே பதில் இருக்கு. மெயின் பாக்ஸ் இரண்டும் மேடைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்கும். நாங்க அதுக்குப் பின்னால். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர் கூட இருக்காது. அது டார்ச் லைட் மாதிரி, நீட்டின பக்கம் போகும். 100 ஹெர்ட்ஸோட அலைநீளம் மூன்றரை மீட்டர். பாக்ஸை விடப் பெரிசு. அது பாக்ஸைச் சுற்றி வளைஞ்சு பின்னாலயும் வரும். அதனால கூட்டத்துக்குப் பாட்டோட தெளிவு எல்லாம் போயிடும், எங்களுக்கு 'தும் தும்' மட்டும் மிச்சம். வெளியே கல்யாணச் சாப்பாடு நடக்க, உள்ளே அடுப்புப் புகை மட்டும் வாங்கிக்கிட்டு நிக்கிற மாதிரி.

கிட்டாரோட கீழ் ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். அதாவது நேரா அந்தப் புகைக்குள்ள. பேஸ் கிட்டார், ஆக்டோபேடோட கிக், தவில் சத்தம், கீபோர்டில் இடது கை, எல்லாம் அங்கேதான் குடியிருக்கு.

இதோட எதிர்ச் சுவர் வேற. போன பங்குனியில் சேத்தூரில் ஒரு கோயில் மேடை. எதிரே ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி ஒரு மண்டபத்தோட வெற்றுச் சுவர். சத்தம் போய்த் திரும்பி வர 60 மீட்டர். ஒலி நொடிக்கு சுமார் 345 மீட்டர் போகும்னு வைங்க, 174 மில்லிசெகண்ட். நிமிடத்துக்கு 86 அடி வேகத்தில் போகிற பாட்டில் ஒரு பதினாறாம் நோட்டும் அதே 174 மில்லிசெகண்ட்தான். என்ன ஆகும்? நான் ஒரு அடி அடிச்சா, சுவர் அடுத்த அடியைத் தானா அடிச்சுக் காட்டும். மெதுவான மெலடியில் அந்தச் சுவர் எங்க குழுவில் சேர்ந்த இன்னொரு ஆள். பக்கத்தில் மானிட்டர் ஒழுங்காக் கேட்டா அந்த ஆளைக் கண்டுக்காம விடலாம். கேட்கலைன்னா, அவர்தான் நமக்குத் தாளம் போடுறார்.

அன்னைக்கு மானிட்டர் மொத்தம் இரண்டு. ஒண்ணு பாடுறவங்களுக்கு. இன்னொண்ணு கீபோர்டுக்கும் எனக்கும் நடுவில். இரண்டுக்கும் ஒரே வயர். மிக்ஸரில் ஒரே ஆக்ஸ். அதாவது எனக்காக ஏத்துற கிட்டார் பாடகியோட மானிட்டரிலும் ஏறும். பாடகிக்காக ஏத்துற குரல் என் காதிலும் விழும். யாருக்கும் தனியா எதுவும் கிடையாது. மிக்ஸர் மேடைக்குப் பக்கவாட்டில், தரையில், ஒரு மர பெஞ்சில். மைக் செட் அண்ணன் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து அவருக்கு மேடைச் சத்தமும் கேட்காது, கூட்டத்துச் சத்தமும் முழுசாக் கேட்காது. ஜெனரேட்டர்தான் நல்லாக் கேட்கும்.

நான் கையைத் தூக்கி, கிட்டாரைக் காட்டி, விரலை மேலே ஆட்டினேன். இது எல்லா ஊருக்கும் பொதுவான பாஷை. அவர் மேடை ஓரமா வந்து நின்னு சொன்னார்: "தம்பி, ஒனக்குக் கூட்டுனா அந்தப் புள்ளைக்குக் கத்தும்யா."

என்னைக் கேட்டா மேடை ஒலி பற்றிய எல்லாப் பாடமும் இந்த ஒரு வரியில் இருக்கு. மானிட்டரில் இருந்து வர்ற சத்தம் பாடகியோட மைக்கில் நுழையும். மைக்கில் இருந்து மிக்ஸர், மிக்ஸரில் இருந்து மறுபடி மானிட்டர். இந்தச் சுற்றில் ஏதோ ஒரு ஃப்ரீக்வென்ஸிக்கு கெய்ன் ஒன்றைத் தொட்டால் போதும், 'கீஈஈ'. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் பாசிட்டிவ் ஃபீட்பேக் என்று இரண்டு மார்க்குக்கு எழுதுவோமே, அதே ஆசாமி. டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சன் பேரில் இதை லார்சன் விளைவு என்றும் சொல்வாங்க. எங்க ஊரில் 'மைக் கத்துது'. இரண்டாவது பேர் எனக்குப் பிடிக்கும், ஏன்னா அது கத்தும்போது கூட்டத்தில் எல்லாரும் பார்க்கிறது மைக்கை இல்லை, மைக்கைப் பிடிச்சிருக்கிற அக்காவைத்தான். விசில் அடிச்சு ஓட்டுவாங்க. ஒரு ஊரில் விழாக் கமிட்டி இதையே காரணம் காட்டிப் பேசின தொகையில் கையை வச்சாங்க. நான் கேட்காம வாசிச்சா எனக்குக் கஷ்டம். நான் கேட்கிறதுக்காகக் கூட்டினா அவங்க பிழைப்புக்குக் கஷ்டம். அதனால மேடையில் 'எனக்கு வேணும்' என்று கையைத் தூக்குறது சும்மா இல்லை.

இது நம்ம ஊர் கிராமத்து மேடைக்கு மட்டும் வந்த கஷ்டம்னு நினைக்காதீங்க. 1965 ஆகஸ்ட் 15. நமக்குச் சுதந்திர தினம்; நியூயார்க்கில் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் கச்சேரி. 55,000 பேருக்கு மேல் கூட்டம். அந்தப் பயணத்துக்கென்றே வாக்ஸ் கம்பெனி 100 வாட் ஆம்ப் செஞ்சு கொடுத்தது. கூட்டம் போட்ட கூச்சலில் அது எந்த மூலைக்கு? மேடையில் மானிட்டரே கிடையாது, அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கமே இன்னும் வரலை. முன்னால் நிற்கிறவங்க உடம்பு அசையறதைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்னு ரிங்கோ ஸ்டார் பிற்காலத்தில் சொல்லியிருக்கார். அடுத்த வருஷம் ஆகஸ்டோட அவங்க டூர் போறதையே நிறுத்திட்டாங்க. அதுக்குக் காரணம் பல. தங்கள் வாசிப்பு தங்களுக்கே கேட்காததும் அதில் ஒண்ணு.

1974-இல் கிரேட்ஃபுல் டெட் குழு வேற மாதிரி யோசிச்சது. மானிட்டரே வேண்டாம், மெயின் ஸ்பீக்கரையே நமக்குப் பின்னால் சுவர் மாதிரி அடுக்கிடலாம். கூட்டம் கேட்கிறதையே நாமும் கேட்போம். 'வால் ஆஃப் சவுண்ட்'. அப்போ மைக் கத்தாதா? ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக், ஒண்ணுக்கொண்ணு எதிர் போலாரிட்டியில். தூரத்திலிருந்து வர்ற ஸ்பீக்கர் சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து அடிபட்டுப் போகும். பாடகர் ஒரு மைக்கில் மட்டும் வாய் வச்சுப் பாடினால் அது மட்டும் மிஞ்சும். டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபயர்! காமன் மோட் ரிஜெக்‌ஷன்! லேபில் இதைப் பார்த்தப்போ தூங்கிட்டு இருந்தோம். அதைக் கட்டிப் பிரிச்சு லாரியில் ஏத்துற செலவு தாங்காம அந்த வருஷத்தோட அவங்களும் அதை விட்டுட்டாங்க.

எங்க ரோட்டிலேயே தெற்கே போனால், தென்காசி தாண்டி செங்கோட்டை. எஸ்.ஜி. கிட்டப்பா பிறந்த ஊர். 1933-இல் 27 வயசிலேயே போயிட்டார். மைக் இல்லாத நாடக மேடையில், உச்ச ஸ்தாயியில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பாடினவர். அவருக்கு மானிட்டர் பிரச்சினை வந்திருக்க வழியே இல்லை. சத்தம் அவர் தொண்டையில் இருந்து கிளம்பி அவர் காதைத் தொட்டுட்டுத்தான் கூட்டத்துக்குப் போச்சு. நாதஸ்வரம், தவில் கோஷ்டியும் அப்படித்தான். ஒருத்தர் தோள் உரச இன்னொருத்தர் நிப்பாங்க, ஒருத்தரை ஒருத்தர் நேராக் கேட்பாங்க. வாத்தியத்திலிருந்து சத்தத்தைப் பிரிச்சு வயரில் ஏத்தி வேறொரு மூலையில் இருக்கிற பாக்ஸில் இறக்கினோமே, அன்னைக்கு ஆரம்பிச்சது இந்த வம்பு. நான் வாசிக்கிறது எலெக்ட்ரிக் கிட்டார், மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வழியா நேரா மிக்ஸருக்கு. வயரைப் பிடுங்கிட்டா என் கிட்டார் வெறும் கட்டை.

இனி சமாளிக்கிற கதை. லிஸ்ட் போடச் சொன்னான் எடிட்டர், போடலை. ஏன்னா முக்கியமானது ஒண்ணுதான்: மேடைக்கு ஏறுறதுக்கு முன்னாடியே, எனக்குக் கண்டிப்பாக் கேட்டே ஆகணும்னு எது இருக்குன்னு முடிவு பண்ணிடணும். எல்லாம் கேட்கணும்னு ஆசைப்பட்டா எதுவும் கேட்காது. எனக்கு வேண்டியது இரண்டு. தாளம், பாடுறவங்க குரல். மூணாவதாத்தான் என் கிட்டார். கிட்டாரில் ஃப்ரெட் இருக்கு. ட்யூனிங் சரியா இருந்தா விரல் வச்ச இடத்தில் சுருதி வரும், கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். வயலின்காரரால் அது முடியாது, பாடுறவங்களால் சுத்தமா முடியாது. அதனால மானிட்டரில் முதல் பங்கு குரலுக்கு, எனக்கு மிச்சம். இப்படிக் கேட்டா மைக் செட் அண்ணனுக்கும் வேலை சுலபம்.

அன்னைக்கு சேத்தூரில் அவர்கிட்ட, "கூட்ட வேண்டாம்ணே. என் கிட்டாருக்கு பேஸைக் குறைச்சிருங்க, எக்கோவை எடுத்திருங்க" என்றேன். ஒரு மாதிரியாப் பார்த்தார். குறைக்கச் சொல்ற கிட்டார்காரனை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார் போல. புகைக்குள்ள இருக்கிற 82 ஹெர்ட்ஸை இன்னும் ஏத்தி என்ன பிரயோஜனம்? அதை வெட்டிட்டா, 1,000-லிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரை கம்பியைத் தட்டுற சத்தம் தனியாத் தெரியும். எக்கோ என்பது நம்ம மைக் செட்டோட உயிர்; அது இல்லாம 'வணக்கம்' சொன்னாக்கூட கமிட்டிக்காரங்க "என்னப்பா சப்புனு இருக்கு" என்பாங்க. கூட்டத்துக்குப் போகட்டும். ஏற்கெனவே எதிர்ச் சுவர் இலவசமா எக்கோ கொடுக்கிற மேடையில், மானிட்டருக்கும் எதுக்கு?

அடுத்து நானே போய் மானிட்டரை இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு இழுத்து, கீழே செங்கல் ஒண்ணு கொடுத்து முகத்தைப் பார்க்கத் திருப்பினேன். திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். மிக்ஸரில் எந்தக் குமிழையும் தொடாம கிடைக்கிற 6 டெசிபல், இதில் மைக் கத்துற பயமும் அதிகமாகாது. பாடகி அக்காவோட மானிட்டரையும் அவங்க மைக்கோட வாலுக்கு நேரா வரும்படி நகர்த்தினோம். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். மானிட்டர் அந்த முதுகில்தான் இருக்கணும். சூப்பர் கார்டியாய்டா இருந்தா கொஞ்சம் பக்கவாட்டில். இன்னொண்ணு, பாடுற பசங்க சில பேர் ஸ்டைலா மைக்கோட தலையைக் கையால் பொத்திப் பிடிப்பாங்க. பொத்தினா அந்த மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிச்சிரும், உடனே கத்தும். இதை அவங்ககிட்ட எத்தனை தடவை சொன்னாலும், ஹீரோ இன்ட்ரோ பாட்டு வந்ததும் கை தானா மேலே போயிரும். விட்டுட்டேன்.

பிறகு நிற்கிற இடம். எனக்குன்னு போட்ட ஓரத்தை விட்டுட்டு ஆக்டோபேட் அண்ணன் பக்கத்தில் போய் நின்னேன். மேடை அகலம் எட்டு மீட்டர் என்றால், அந்தக் கோடியிலிருந்து சத்தம் வர 23 மில்லிசெகண்ட். பக்கத்தில் நின்னா மூணு. அதோட அவர் குச்சி இறங்குறது கண்ணுக்குத் தெரியும். ஆக்டோபேட் எலெக்ட்ரானிக், வயர் இல்லாட்டி அதுவும் கட்டைதான். ஆனா குச்சி ரப்பரில் படுற 'டொக்' ஒரு மீட்டரில் கேட்கும். மானிட்டர் மொத்தமாச் செத்துப் போன மேடையில்கூட அந்த 'டொக்' என்னைக் காப்பாத்தியிருக்கு. காது கைவிட்டா கண்.

எட்டாவதோ ஒன்பதாவதோ பாட்டு 'இளைய நிலா'. 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டு, எங்கப்பா காலேஜ் போன காலத்துப் பாட்டு, இன்னைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் சீட்டு எழுதி அனுப்புறாங்க. கிட்டார்காரனுக்கு அதில் பெரிய சிக்கல்: ஆரம்பத்தில் ஒளிஞ்சுக்க இடமே இல்லை. மொத்தக் கூட்டமும் கிட்டாரை மட்டும் கேட்கும். இந்த மாதிரி இடத்தில் தன் சத்தம் தனக்குக் கேட்காத கை என்ன பண்ணும்னா, பலமா அடிக்கும். பலமா அடிச்சா கம்பி இழுபட்டு சுருதி ஒரு முடி மேலே ஏறும், நளினமும் போயிரும். 1911-லேயே எத்தியன் லொம்பார் என்கிற பிரெஞ்சு காது டாக்டர் இதைப் பேச்சில் கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்கார்: சுற்றிச் சத்தம் ஏற ஏற, மனுஷன் தன்னை அறியாமலே குரலை ஏத்துவான். கைக்கும் அதே புத்தி. அதனால வீட்டில், காதில் பஞ்சு வச்சுக்கிட்டு அந்த ஆரம்பத்தை வாசிச்சுப் பழகியிருந்தேன், விரல் எவ்வளவு பலம் போடணும்னு விரலுக்கே தெரியிற வரைக்கும். சேத்தூரில் அது கைகொடுத்தது. வாசிக்கிறப்போ எனக்குக் கேட்டது பாதிதான். ஊர்க்காரங்க சொல்லித்தான் நல்லா இருந்ததுன்னு தெரியும். ரெண்டாவது வரிசையில் எங்க ஆச்சி உட்கார்ந்திருந்தாங்க, அவங்க சொன்னதைக் கணக்கில் எடுத்துக்க முடியாது.

ஒரு கிளைக்கதை. எங்க மேடையில் சீரியல் லைட், ஜெனரேட்டர், எர்த் சரியில்லாத லைன், எல்லாம் சேர்ந்து கிட்டாரில் ஒரு 'ம்ம்ம்' ஓடிக்கிட்டே இருக்கும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட இரட்டிப்பு 100. கிட்டாரில் ஜி நோட் 98. அதனால ஜி-யில் பாட்டு வந்தா, ஜி-க்குக் கொஞ்சம் மேலே ஒரு அபஸ்வரத் தம்பூரா கூடவே வரும். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அவங்க தம்பூரா வேற சுருதி.

இப்போ எங்க கீபோர்டு அண்ணன் பற்றி. "எழுதுடா, பேரு மட்டும் போட்டுறாத" என்று சொல்லியிருக்கார்.

அவருக்கு நாற்பத்தஞ்சு வயசு. இருபது வருஷத்துக்கு மேல இதே ரோட்டில் வாசிக்கிறார். எனக்கு கார்டு மாற்றுறதில் பாதி சொல்லிக் கொடுத்தது அவர்தான். ஒரு வருஷமா கவனிக்கிறேன், எந்த மேடை ஏறினாலும் முதல் வேலையா "ட்ரெபிள் கூட்டுங்க" என்பார். கூட்டின பிறகும், "கூட்டுனீங்களா?" அவருக்கும் எனக்கும் ஒரே மானிட்டர் என்பதால் எனக்குத் தெரியும், அது ஊசி மாதிரி குத்துற அளவுக்கு ஏற்கெனவே கூடியிருக்கும். அவர் கூட்ட, குரல் அமுங்கிப் போச்சுன்னு பாடகி அக்கா கூட்டச் சொல்ல, ஆக்டோபேட் அண்ணன் பங்குக்கு அவர் கூட்ட, இடைவேளை வர்றதுக்குள்ள மேடையே ஒரு சண்டைக் களம். லொம்பார் சொன்னது ஒரு ஆளுக்கு இல்லை, ஒரு குழுவுக்கே பொருந்தும்.

பொங்கல் லீவில் அவரை மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் காது டெஸ்ட் எடுத்தோம். ராத்திரி எல்லாம் காதுக்குள்ள ஒரு விசில் கேட்குதுன்னு அண்ணி சொல்லித்தான் கிளம்பினார். ஆடியோகிராம் ஷீட்டை என்கிட்ட நீட்டினார், "நீதான படிக்கிறவன், பாரு." நமக்கு அது ஒரு ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ் கர்வ். 250, 500, 1,000 வரைக்கும் தேவலை. 4,000 ஹெர்ட்ஸில் கிணறு. 8,000-இல் கொஞ்சம் மேலே ஏறி வருது. இந்த 4,000 கிணறு அதிகச் சத்தத்தில் வேலை பார்க்கிறவங்களுக்கு வர்ற அடையாளம் என்று டாக்டர் சொன்னார். ராஜபாளையம் ஸ்பின்னிங் மில் ஆட்களுக்கும் இதே கிணறு வருமாம். உள்ளே செத்த செல் திரும்ப முளைக்காது. இருக்கிறதைக் காப்பாத்தலாம், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரைக்கும் இருக்கலாம் என்று அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு ஒரு வரம்பு வச்சிருக்கு. மூணு டெசிபல் ஏறினா நேரம் பாதி. 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு. 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிஷம். எங்க கச்சேரி மூணு மணி நேரம். என் போன் ஆப் காட்டுற நம்பரை முழுசா நம்ப முடியாது, ஆனா மானிட்டர் பக்கத்தில் அது 100-க்குக் கீழே வந்து நான் பார்த்ததில்லை. அவர் இருபது வருஷமா நிற்கிற இடம் அது. நான் மூணு வருஷமா நிற்கிற இடமும் அதுதான்.

டெஸ்ட் விஷயத்தை அவர் குழு நடத்துறவரிடம் சொல்லலை. காது மந்தம்னு தெரிஞ்சா அடுத்த சீசனில் தேதி குறையும். கீபோர்டுக்கு ஆளா இல்லை, லேப்டாப்பில் ட்ராக் ஓட்டவே பசங்க வந்தாச்சு. ரெண்டு பொண்ணுங்க, பெரியவ ப்ளஸ் டூ. "இன்னும் ஒரு ஆறு வருஷம் ஓட்டிட்டாப் போதும்டா" என்றார் திரும்பி வர்ற பஸ்ஸில். திருமங்கலம் தாண்டுறவரைக்கும் நான் எதுவும் பேசலை.

என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அப்படித்தான் ஆரம்பிச்சது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. மிக்ஸரில் இருந்து வர்ற ஆக்ஸ் ஒரு பக்கம், தன் கீபோர்டு அவுட்புட்டின் ஒரு பங்கு இன்னொரு பக்கம், இரண்டையும் அவரே கலந்துக்கிற மாதிரி இரண்டு குமிழ், ஒரு ஹெட்போன் ஆம்ப், அதுக்கு முன்னால் ஒரு லிமிட்டர். மைக் எவ்வளவு கத்தினாலும் ஒரு அளவுக்கு மேல காதுக்குப் போகாது. காதை அடைக்கிற வயர் இயர்போன். அடைச்சிருக்கிறதால வெளிச் சத்தம் குறையும், அதனால உள்ளே குறைவா வச்சாலே கேட்கும். ப்ளூடூத் வேண்டாம், அந்த தாமதத்தில் அடிச்ச நோட்டு அடுத்த நோட்டோட வந்து சேரும். பார்ட்ஸ் செலவு ஆயிரத்து எழுநூறு ரூபாய். முதல் ரிவ்யூவில் வந்த கேள்வி: "இதுல ஐ.ஓ.டி. எங்கப்பா இருக்கு?" இல்லைங்க சார். "ஏ.ஐ.?" அதுவும் இல்லைங்க சார். ஒரு மனுஷனோட காது இருக்கு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மார்க் நினைப்பு வந்து, ஃப்யூச்சர் ஸ்கோப்பில் சேர்க்கிறோம்னு சொல்லிட்டோம்.

மாசி மாசம் ஒரு ஊரில் அதை முதல் தடவை போட்டுப் பார்த்தார். மைக் செட் அண்ணன் ஆக்ஸ் வயரைக் கொடுக்கும்போதே, "என்னப்பா, டாக்டர் மாதிரி காதுல மாட்டுற" என்று சிரிச்சார். முதல் மூணு பாட்டு அண்ணன் முகமே சரியில்லை. நாலாவது பாட்டில் ஒரு காதைக் கழற்றித் தொங்கவிட்டார். கேட்டதுக்கு, "கூட்டம் கேக்க மாட்டேங்குதுடா. யாரு கை தட்டுறான், எவன் ஒன்ஸ் மோர் கேக்குறான், ஒண்ணும் தெரியல. கெணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு." அது நிஜம். ஒரு காதை மட்டும் கழற்றினா இன்னும் மோசம். இந்தக் காதில் மேடை இரைச்சல், அதை ஜெயிக்க மாட்டின காதில் கூட்ட வேண்டி வரும். அதனால பெட்டியில் மூணாவதா ஒரு குமிழ் சேர்த்திருக்கேன். அது ஒரு சின்ன மைக்குக்கு, கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வச்சுடலாம். கை தட்டல் வேணும்னா அவரே ஏத்திக்கலாம். அதையும் லிமிட்டருக்கு முன்னாலதான் கோர்த்திருக்கேன்.

எனக்கு ஜூலையில் பெங்களூரில் ஜாயினிங். அதுக்கு முன்னாடி இதே மாதிரி இன்னொரு பெட்டி பாடகி அக்காவுக்கும் செஞ்சு கொடுக்கணும், அப்போ மேடையில் தரை மானிட்டரே இல்லாம ஒரு கச்சேரி வாசிச்சுப் பார்க்கலாம். மூணு பேருக்குத் தனித்தனி ஆக்ஸ் வேணும். அடுத்த புரோகிராம் வாசுதேவநல்லூர் பக்கம். அந்த ஊர் மைக் செட் அண்ணனுக்கு போன் போட்டு, "அண்ணே, ஒங்க மிக்ஸர்ல எத்தனை ஆக்ஸ் இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீ வாப்பா மொதல்ல, வந்து பாத்துக்கிடலாம்" என்றார்.